ஒரு கட்டுரை நீக்கம், ஒரு மருந்துக்கு அனுமதி: எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை எப்படிப் புரிந்துகொள்வது?

2024 ஜூன் மாதம் 'நேச்சர்' ஆய்விதழ், 22 ஆண்டுகளுக்கு முன் தான் வெளியிட்ட ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வளர்ந்த விலங்கின் எலும்பு மஜ்ஜையில் இருந்து எடுத்த ஒருவகைச் செல்கள் உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களாகவும் மாறக்கூடியவை என்று சொன்ன கட்டுரை அது. அதை மேற்கோள் காட்டி ஆயிரக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ, எலும்பு மஜ்ஜையில் இருந்து வளர்த்தெடுத்த மெசென்கைமல் ஸ்டெம் செல்களையே மருந்தாகக் கொண்ட 'ரயான்சில்' என்ற தயாரிப்புக்கு அனுமதி அளித்தது. அந்நாட்டில் இவ்வகைச் செல்களுக்குக் கிடைத்த முதல் அனுமதி அதுதான்.

இரண்டு செய்திகளிலும் 'எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்' என்ற சொல் இருந்தது. (தானும் பெருகி, வேறு வகைச் செல்களையும் தரவல்ல மூலச் செல்லே ஸ்டெம் செல்.) அப்படியானால் இது பொய்யா, மருந்தா என்று வாசகர் கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டு. ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு கூற்றுகள் உலவுகின்றன:

1. இந்தச் செல்கள் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றை உருவாக்க வல்லவை.
2. இவை நரம்பு, ஈரல், குடல், நுரையீரல் என எதுவாகவும் மாறும்.
3. இவை எதுவாகவும் மாறாவிட்டாலும், தாம் சுரக்கும் பொருள்களால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சீற்றத்தைத் தணிக்கும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை பேசியது இரண்டாவதை. மருந்து நிற்பது மூன்றாவதன் மேல். முதலாவதுதான் எல்லாவற்றுக்கும் வேர். மூன்றும் முதலில் சோதிக்கப்பட்டது விலங்குகளின் மஜ்ஜையில் அல்லது விலங்குகளின் உடலில். எனவே எதை எந்த விலங்கில், எப்படிக் காட்டினார்கள் என்று பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

மஜ்ஜைக்குள் இரண்டு குடும்பங்கள்

ஆட்டின் நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சியவர்களுக்கு மஜ்ஜை புதிதல்ல. வாயில் வழுக்கும் அந்தக் கொழகொழப்பில் பெரும்பகுதி கொழுப்பு செல்கள். விலங்கு வளர வளர, கால் எலும்புகளின் நடுப்பகுதியில் இருந்த சிவப்பு மஜ்ஜை மெல்ல மஞ்சள் மஜ்ஜையாக மாறுகிறது. மனிதரிலும் அப்படித்தான்.

சிவப்பு மஜ்ஜையின் வேலை இரத்த உற்பத்தி. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அங்கே இரத்த ஸ்டெம் செல்களில் இருந்து பிறக்கின்றன. 1961-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் டில், மெக்கல்லா என்ற இருவர் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். கதிர்வீச்சால் மஜ்ஜையை இழந்த சுண்டெலிக்கு வேறொன்றின் மஜ்ஜையைச் செலுத்தியபோது, அதன் மண்ணீரலில் இரத்த செல்களின் முடிச்சுகள் தோன்றின. இன்று இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இந்த இரத்தக் குடும்பத்தை நம்பி நடப்பது. அதன் பயன் பல பத்தாண்டுகளாக உறுதிப்பட்டது.

நாம் பேசப்போவது இன்னொரு குடும்பம். இரத்தம் உருவாகும் இடத்துக்குச் சுவரும் தூணுமாக நிற்கும் செல்கள்; எலும்பின் உள்விளிம்பு, மஜ்ஜையின் கொழுப்பு, இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள தாங்கு திசு ஆகியவற்றின் பிறப்பிடம். 'ஸ்ட்ரோமா' என்று இதைச் சொல்வார்கள். படுக்கை, விரிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. மெசென்கைமல் ஸ்டெம் செல் எனப்படுவது இந்தக் குடும்பத்தின் மூதாதைச் செல். கருவில் எலும்பு, குருத்தெலும்பு போன்றவற்றைத் தரும் தளர்வான திசுவுக்கு 'மெசென்கைம்' என்று பெயர். அதை ஒட்டி வைத்த பெயர் இது.

'மஜ்ஜை ஸ்டெம் செல் சிகிச்சை ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டதுதானே' என்று விளம்பரங்கள் சொல்லும்போது முதல் குடும்பத்தின் புகழை இரண்டாம் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. வாசகர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

மாஸ்கோவில் கினிப் பன்றிகளோடு தொடங்கியது

மஜ்ஜையால் எலும்பை உண்டாக்க முடியும் என்ற எண்ணம் பழையது. 1869-லேயே பிரான்சில் கூஜோன் என்பவர் முயலின் மஜ்ஜையை எலும்பே இல்லாத இடத்தில் வைத்து, அங்கே எலும்பு உருவாவதைக் கண்டார். ஆனால் மஜ்ஜையில் உள்ள எந்தச் செல் அதைச் செய்கிறது என்பதற்கு விடை வர நூறு ஆண்டுகள் ஆயின.

அந்த விடையைத் தந்தவர் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன். மாஸ்கோவின் கமலேயா நிறுவனத்தில் பணியாற்றியவர். பின்னாளில் 'ஸ்புட்னிக் வி' தடுப்பூசியால் நம் காதில் விழுந்த அதே நிறுவனம். 1970-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை கினிப் பன்றியின் மஜ்ஜையையும் மண்ணீரலையும் பற்றியது. மஜ்ஜைச் செல்களை மிக ஐதாகப் பரப்பி வளர்த்தபோது, 9 முதல் 12 நாள்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுகள் தோன்றின. ஒவ்வொரு திட்டும், நடுவில் தடித்து இரு முனையும் குறுகிய கதிர் வடிவச் செல்களின் கூட்டம். ஒரு திட்டு ஒரே ஒரு செல்லின் வாரிசா, அல்லது பல செல்கள் ஒட்டிச் சேர்ந்ததா? அவர்கள் இரண்டு வழிகளில் சோதித்தார்கள். போடும் செல்களை இரட்டித்தால் திட்டுகளும் அதே விகிதத்தில் கூடின. ஆண், பெண் விலங்குகளின் செல்களைக் கலந்து வளர்த்து, திட்டுகளில் அவை எப்படிப் பிரிந்திருக்கின்றன என்றும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே முடிவைக் காட்டின: ஒரு திட்டு, ஒரு தாய்ச் செல்.

இதைவிட அழகான சோதனை அடுத்தது. தட்டில் வளர்ந்த செல்களை அப்படியே வேறொரு விலங்கின் உடலுக்குள், உதாரணமாகச் சிறுநீரகத்தின் மேலுறைக்கு அடியில் வைத்தார்கள். சில வாரங்களில் அங்கே சின்னஞ்சிறு எலும்பு ஒன்று உருவானது. அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே மஜ்ஜை. எலும்பும் தாங்கு திசுவும் கொடுத்த விலங்குக்கு உரியவை. உள்ளே குடியேறிய இரத்த செல்கள் பெற்ற விலங்குக்கு உரியவை. இந்தச் செல்கள் வீட்டைக் கட்டின; குடிவந்தவர் ஊர்க்காரர். மேலே சொன்ன இரண்டு குடும்பங்களின் உறவும் இந்த ஒரு சோதனையில் தெளிவாகிவிட்டது.

இன்றளவும் ஒரு மஜ்ஜைச் செல் உண்மையில் ஸ்டெம் செல்தானா என்று கேட்டால், உயிருள்ள உடலுக்குள் எலும்பையும் மஜ்ஜை வீட்டையும் கட்டிக் காட்டு என்பதே கடுமையான தேர்வு. பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகள் இந்தத் தேர்வை நடத்துவதில்லை.

ஆய்வகத்தில் நடப்பது

கருணைக் கொலை செய்யப்பட்ட எலியின் பின்னங்கால் எலும்புகள்தான் பெரும்பாலான ஆய்வகங்களின் தொடக்கம். தசையைச் சுரண்டி நீக்கி, எலும்பின் இரு முனைகளையும் வெட்டியதும் அது குழாய் போல ஆகிவிடும். ஒரு முனையில் மெல்லிய ஊசியைச் செருகி வளர்ப்புத் திரவத்தைச் செலுத்தினால், மறுமுனையில் மஜ்ஜை சிவப்பு நூல் போல் வெளியே வந்து விழும். எலும்பு வெளிறிக் கண்ணாடி போல் தெரியும்வரை அலசுவார்கள். அதன் பின்:

1. மஜ்ஜையைச் சலித்துத் தனிச்செல்களாக்கிப் பிளாஸ்டிக் குடுவையில் இடுகிறார்கள். வெப்பம் 37 டிகிரி செல்சியஸ், கரியமில வாயு 5 சதவீதம்.
2. ஓரிரு நாள்களில் திரவத்தை மாற்றுகிறார்கள். இரத்த செல்களில் பெரும்பகுதி மிதந்து போய்விடும். மெசென்கைமல் செல்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரித்தெடுக்கும் வித்தை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.
3. திட்டுகள் நெருங்கி வளர்ந்ததும் டிரிப்சின் என்ற நொதியால் செல்களைத் தளர்த்தி எடுத்துப் புதிய குடுவைகளில் பிரித்து இடுகிறார்கள். இது ஒரு 'பாசேஜ்'. மூன்றாவது, நான்காவது பாசேஜ் செல்களைச் சோதனைக்குப் பயன்படுத்துவது வழக்கம்.

இவ்வளவு சுற்றி வளைக்கக் காரணம் எண்ணிக்கைதான். மனித மஜ்ஜையில் 1999-இல் மதிப்பிட்டபோது உட்கருவுள்ள செல்களில் 0.001 முதல் 0.01 சதவீதமே இவ்வகை என்று கண்டார்கள். ஒரு கோடிச் செல்லை எடுத்தால் 100 முதல் 1,000 வரை. எனவே வளர்த்துப் பெருக்காமல் ஆய்வும் இல்லை, சிகிச்சையும் இல்லை. பெருக்கும்போதே செல்லின் குணமும் மாறுகிறது என்பது இத்துறையின் தீராத தலைவலி.

பெருகிய செல்கள் எதுவாக மாறுகின்றன என்பதைச் சாயங்கள் காட்டும். எலும்பாக்கும் கலவையில் டெக்சாமெத்தசோன், அஸ்கார்பிக் அமிலம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் ஆகிய மூன்றும் இருக்கும். மூன்று வாரங்களில் கால்சியம் படிந்தால் அலிசரின் சாயம் அதைச் சிவப்பாக்கும். கொழுப்பாக்கும் கலவையில் வைத்தால் செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் திரளும். ஆயில் ரெட் ஓ என்ற சாயம் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். குருத்தெலும்புக்குச் செல்களை உருண்டையாகத் திரட்டி வைத்து, வேறு வளர்ச்சிக் காரணியைக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தட்டில் கால்சியம் படிவதும் உடலில் எலும்பு உருவாவதும் ஒன்றல்ல. வலுவான இரசாயனக் கலவையில் மூன்று வாரம் ஊறிய செல் என்ன செய்தது என்பது, அந்தச் செல்லின் திறனைச் சொல்லுமே தவிர, உடலுக்குள் அது அன்றாடம் செய்யும் வேலையைச் சொல்லாது.

பெயர் கொண்டுவந்த சிக்கல்

1991-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இருந்த ஆர்னால்ட் கேப்லன் 'மெசென்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைப் பரப்பினார். பெயர் பற்றிக்கொண்டது. 'ஸ்டெம் செல்' என்றதும் உடலின் உதிரிப் பாகக் கிடங்கு என்ற கற்பனை எழுந்தது. பல ஆய்வகங்கள் பல விதமாகச் செல்களைப் பிரித்தெடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டின.

ஒழுங்கு செய்ய முயன்றது செல் சிகிச்சைக்கான சர்வதேசச் சங்கம். 2005-இல் 'மெசென்கைமல் ஸ்ட்ரோமல் செல்' என்று சொல்லுங்கள், ஸ்டெம் என்ற தகுதியை நிரூபித்த பின் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. 2006-இல் மனிதச் செல்களுக்கு மூன்று குறைந்தபட்ச அளவுகோல்களை வைத்தது: பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும்; சிடி 73, சிடி 90, சிடி 105 ஆகிய மேற்பரப்புக் குறிகள் 95 சதவீதச் செல்களிலாவது இருந்து, இரத்த செல்களின் குறிகள் 2 சதவீதத்துக்கு மேல் இல்லாதிருக்க வேண்டும்; எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு ஆகிய மூன்றுமாகத் தட்டில் மாறிக்காட்ட வேண்டும்.

விலங்கு ஆய்வாளர்களுக்குத் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குறிகள் மனிதருக்காக வகுக்கப்பட்டவை. குறியைக் கண்டறிய, மனிதப் புரதத்துக்காகத் தயாரித்த எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பல சமயம் குதிரை, ஆடு, நாய் ஆகியவற்றின் புரதத்தைப் பற்றாது. அப்போது 'குறி இல்லை' என்று வரும் முடிவுக்குச் செல்லில் குறி இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், எதிர்ப்பொருள் வேலை செய்யவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். சுண்டெலியில் வேறு சிக்கல்: அதன் இரத்தக் குடும்பச் செல்களும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், வாரக்கணக்கில் போகாது. போதாக்குறைக்கு, சுண்டெலியின் இனவகை மாறினால் குறிகளும் வளர்ச்சி வேகமும் மாறுகின்றன.

கேப்லனே 2017-இல் 'பெயரை மாற்றுங்கள்' என்று எழுதினார். இவை உடலுக்குள் போய்த் திசுவாக மாறுவதில்லை, மருந்துபோல் சமிக்ஞைப் பொருள்களைச் சுரக்கின்றன; எனவே 'மருத்துவ சமிக்ஞைச் செல்கள்' என்று அழையுங்கள் என்றார். தான் பரப்பிய பெயரைத் தானே கைவிடச் சொல்லும் நேர்மை அறிவியலில் அரிதாகவே காணக்கிடைக்கிறது. பெயரோ மாறவில்லை.

'எல்லாமாகவும் மாறும்' என்ற கூற்று

2002-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் வெர்ஃபெயி தலைமையிலான குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, மெசென்கைமல் செல்களோடு சேர்ந்து வளரும் ஒரு செல்லைச் சுண்டெலி, எலி மஜ்ஜையில் கண்டதாகச் சொன்னது. சுண்டெலியின் தொடக்கநிலைக் கருவுக்குள் அதைச் செலுத்தினால் பிறக்கும் குட்டியின் பெரும்பாலான திசுக்களில் அதன் வாரிசுகள் இருந்தன. வளர்ந்த விலங்குக்குள் செலுத்தினால் இரத்தம், ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றில் குடியேறின என்றது.

அந்த ஆண்டுகளின் சூழலையும் நினைக்க வேண்டும். கருவில் இருந்து எடுக்கும் ஸ்டெம் செல்கள் பற்றி அமெரிக்காவில் கடுமையான அறநெறி விவாதம் நடந்துகொண்டிருந்தது. 2001-இல் அதற்கான அரசு நிதிக்குக் கட்டுப்பாடு வந்தது. கருவைத் தொடாமலே அதே திறனுள்ள செல்லை மஜ்ஜையில் இருந்து எடுக்கலாம் என்றால் அதை வரவேற்காதவர் யார்? கட்டுரைக்கு இருந்த கவர்ச்சியில் ஒரு பகுதி ஆய்வகத்துக்கு வெளியே இருந்து வந்தது.

பிற ஆய்வகங்கள் முயன்றபோது அதே முடிவை எட்டுவது கடினமாக இருந்தது. 2007-இல் 'நேச்சர்' ஒரு திருத்தம் வெளியிட்டது. பிறகும் படங்களைப் பற்றிய ஐயங்கள் தொடர்ந்தன. செல்கள் விலங்கின் உடலில் குடியேறியதைக் காட்டும் படத்தொகுப்பில் ஒரே உருவம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வந்திருந்தது. இறுதியில் 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இதனால் விழுந்தது எது, நிற்பது எது? 'எதுவாகவும் மாறும்' என்ற கூற்றுக்கு அந்தக் கட்டுரையைச் சான்றாக இனி யாரும் காட்ட முடியாது. ஃப்ரீடன்ஸ்டைன் காட்டியது அப்படியே நிற்கிறது. அது பல நாடுகளில், பல விலங்குகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்டது. 22 ஆண்டு என்பது மிக நீண்ட தாமதம் என்பதில் ஐயமில்லை. அந்தக் காலத்தில் எத்தனை ஆய்வு மாணவர்களின் உழைப்பும், எத்தனை விலங்குகளின் உயிரும், பிடிபடாத ஒன்றைத் தேடியதில் செலவாகியிருக்கும் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

நுரையீரலில் சிக்கிய செல்கள்

மூன்றாவது கூற்று எதிர்பாராமல் பிறந்தது. 2002-இல் பபூன் குரங்குகளில் ஒரு சோதனை நடந்தது. அயல் குரங்கின் தோலை ஒட்டினால் எதிர்ப்பு மண்டலம் சில நாள்களில் அதை உதிர்த்துவிடும். மெசென்கைமல் செல்களைச் செலுத்திய குரங்குகளில் ஒட்டுத் தோல் கூடுதல் நாள்கள் தாங்கியது. செல்கள் எதையும் கட்டவில்லை, சண்டையைத் தணித்தன.

2009-இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாரடைப்பு உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளின் இரத்தநாளத்தில் மனித மெசென்கைமல் செல்களைச் செலுத்தினார்கள். இதயப் பாதிப்பு குறைந்தது. ஆனால் செல்கள் இதயத்தில் இல்லை! நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் சிக்கிக் கிடந்தன. செல்லின் பருமன் அந்தக் குழாயைவிடப் பெரிது. போகும் வழியிலேயே அடைபட்டுவிடும். அடைபட்ட நிலையில் டி.எஸ்.ஜி-6 என்ற அழற்சி தணிக்கும் புரதத்தை அவை சுரந்தன. பயன் அங்கிருந்து வந்தது. 2017-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போனது: செலுத்திய செல்களைப் பெறுநரின் எதிர்ப்பு செல்கள் கொல்வதும், அந்தச் சாவுமே தணிப்புக்குக் காரணமாகலாம் என்று காட்டியது.

விலங்கில் கண்டதை மனிதருக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களை அடக்க, சுண்டெலியின் மெசென்கைமல் செல் நைட்ரிக் ஆக்சைடைப் பயன்படுத்துகிறது. மனிதச் செல் ஐ.டி.ஓ என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. விளைவு ஒன்று, கருவி வேறு. நைட்ரிக் ஆக்சைடைக் குறிவைத்து ஒருவர் சுண்டெலியில் அருமையான சிகிச்சையைக் கண்டுபிடித்தாலும் மனிதரில் அது பலிக்காமல் போகலாம்.

புற்றுநோய் அச்சம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீண்ட நாள் வளர்த்த சுண்டெலி மஜ்ஜைச் செல்கள் தாமாகவே புற்றுச் செல்களாக மாறுவது உறுதியாகக் காணப்பட்டது. மனித மெசென்கைமல் செல்களிலும் அப்படி நடப்பதாக 2005-இல் ஒரு கட்டுரை வந்து பெரும் பீதியைக் கிளப்பியது. 2010-இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆய்வகத்தில் இருந்த வேறு புற்றுச் செல்கள் கலந்துவிட்டிருந்தன. இவ்விஷயத்தில் சுண்டெலி மனிதருக்கு நல்ல முன்மாதிரி இல்லை.

எந்த விலங்கு எந்தக் கேள்விக்கு

சுண்டெலியும் எலியும் இயங்குமுறையை அறிய உதவும். மரபணுவை மாற்றிப் பார்க்கலாம். முயலின் மூட்டில் சிறு பள்ளம் தோண்டிக் குருத்தெலும்பு நிரம்புகிறதா என்று பார்க்கலாம், ஆனால் முயலுக்கு அது தானாகவே ஓரளவு ஆறும் என்பதால் ஏமாறவும் கூடும். உடல் எடையைத் தாங்கும் மூட்டும் எலும்பும் பற்றிய கேள்விகளுக்கு ஆடு, செம்மறியாடு, நாய் தேவைப்படுகின்றன.

இவற்றுள் தனித்து நிற்பது குதிரை. அங்கே செயற்கையாகக் காயம் உண்டாக்க வேண்டியதில்லை. பந்தயக் குதிரையின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஓடும் தசைநாண் பாய்ச்சலில் கிழிவது அடிக்கடி நடப்பது. ஆறிய இடத்தில் தழும்புத் திசு வரும். தழும்பு விறைப்பானது, மீண்டும் கிழியும்.

2003-இல் லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரியில் ரோஜர் ஸ்மித் குழுவினர் ஒரு போலோ குதிரைக்கு அதன் சொந்த மஜ்ஜைச் செல்களையே வளர்த்து அந்தக் கிழிவுக்குள் செலுத்தியதைப் பதிவு செய்தார்கள். குதிரை நின்றபடியே இருக்கும். மயக்கமூட்டாமல், அமைதிப்படுத்தும் மருந்தை மட்டும் கொடுத்து, மார்பின் நடுக்கோட்டில் முடி மழித்து, மரத்துப்போகச் செய்து, அகலமான ஊசியை மார்பெலும்புக்குள் திருகி இறக்குவார்கள். மார்பெலும்பின் மறுபக்கம் இதயம் இருப்பதால் அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் பூசிய சிரிஞ்சில் முதலில் வரும் சில மில்லிலிட்டர்களே செல் வளம் மிக்கவை; மேலும் இழுத்தால் சாதாரண இரத்தம்தான் கலந்து வரும். வளர்த்த செல்களைச் சில வாரங்கள் கழித்து, ஸ்கேன் திரையில் கருமையாகத் தெரியும் கிழிவின் நடுவே செலுத்துவார்கள். பிறகு நடை, மெதுவோட்டம் என மாதக்கணக்கில் படிப்படியான பயிற்சி.

2012-இல் அதே குழு, பந்தயத்துக்குத் திரும்பிய 113 குதிரைகளின் விவரத்தை வெளியிட்டது. மறுபடி காயம் அடைந்தவை 27.4 சதவீதம். மற்ற சிகிச்சை பெற்ற குதிரைகளைப் பற்றிய முந்தைய பதிவுகளைவிட இது கணிசமாகக் குறைவு. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒப்பீடு பழைய பதிவுகளோடு செய்யப்பட்டது. அதே காலத்தில், அதே பயிற்சியோடு, செல் மட்டும் கொடுக்கப்படாத குதிரைக் கூட்டம் பக்கத்தில் இல்லை. குறைந்த மறுகாயத்தில் செல்லின் பங்கு எவ்வளவு, கவனமான பயிற்சியின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண் தனியாகப் பிரித்துச் சொல்லாது.

மருந்தாகிய வழி

ரயான்சிலின் பயணம் நேர்கோடாக இருக்கவில்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின், கொடையாளரின் எதிர்ப்பு செல்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றைத் தாக்கும் ஜி.வி.ஹெச்.டி என்ற நோய் வரலாம். ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2004-இல் சுவீடனில் அப்படித் தவித்த 9 வயதுச் சிறுவனுக்குத் தாயின் மெசென்கைமல் செல்களைச் செலுத்தியதில் நோய் அடங்கியது. அதன் பின் எழுந்த நம்பிக்கையோடு நடந்த பெரிய சோதனைகள் 2009-இல் தம் முதன்மை இலக்கை எட்டவில்லை.

குழந்தைகளில் மட்டும் பயன் தெரிவதாகத் தோன்றியதால் அவர்களுக்கான தனிச் சோதனை நடந்தது. எஃப்.டி.ஏ 2020-இலும் 2023-இலும் அனுமதி மறுத்துக் கூடுதல் சான்று கேட்டது. இறுதியில் கணக்கில் கொள்ளப்பட்ட 54 குழந்தைகளில் 70 சதவீதத்தினரிடம் 28-ஆம் நாளில் முழுமையாகவோ பகுதியாகவோ முன்னேற்றம் இருந்தது. முழு முன்னேற்றம் 30 சதவீதத்தினருக்கு. அனுமதி கிடைத்தது இந்த ஒரு நோய்க்கு, ஸ்டீராய்டு பலிக்காத நிலையில், 2 மாதம் முதல் உள்ள குழந்தைகளுக்கு. மூட்டு வலிக்கோ நரம்பு நோய்க்கோ ஆட்டிசத்துக்கோ அல்ல.

இந்தியாவில் இதன் பொருள்

பெங்களூருவின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் பல கொடையாளர்களின் மஜ்ஜையில் இருந்து தயாரிக்கும் 'ஸ்டெம்பியூசெல்' இந்தியாவில் அனுமதி பெற்றது. முதலில் பியூர்ஜர் நோயால் கால் இரத்த ஓட்டம் நின்றுபோகும் நிலைக்கு, பின்னர் 2022-இல் முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு. அதுவும் வரையறுக்கப்பட்ட பயன்பாட்டுக்கே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. விலங்குகளைப் பயன்படுத்தும் எந்த ஆய்வும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நிறுவன அளவிலான விலங்கு அறநெறிக் குழுவின் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும். எந்த விலங்கு, எத்தனை, ஏன் அதற்குக் குறைவாக முடியாது என்று எழுதித்தர வேண்டும்.

மனிதருக்கான விதி 2017-ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர் அமைப்பும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்டவை. இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டுமே நடக்கலாம் என்பது அதன் சாரம்.

எனவே ஒரு மருத்துவமனையோ கால்நடை மருத்துவமனையோ 'மஜ்ஜை ஸ்டெம் செல்' என்று சொன்னால், குடும்பத்தினர் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை:

1. எந்தச் செல்? மஜ்ஜையை அப்படியே வடித்துச் செலுத்துகிறீர்களா, வளர்த்த மெசென்கைமல் செல்லா? முன்னதில் இவ்வகைச் செல் லட்சத்தில் ஒன்று முதல் பத்து வரைதான் இருக்கலாம்.
2. இதே நோய்க்கு, இதே இனத்தில், செல் கொடுக்கப்படாத கூட்டத்தோடு ஒப்பிட்ட சோதனை உண்டா? சுண்டெலியில் நடந்ததைக் காட்டினால் அது பதில் ஆகாது. வளர்ப்பு நாய்க்குச் சிகிச்சை என்றால் நாயில் நடந்த சோதனையைக் கேளுங்கள்.
3. மனிதருக்கான சோதனை என்றால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ-யில் அதன் பதிவு எண் என்ன? இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் மருத்துவச் சோதனைகள் அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றாக வேண்டும். அது இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; எண்ணைத் தட்டினால் எந்த நோய், எத்தனை பேர், எந்த மருத்துவமனை, யார் ஒப்புதல் தந்தார்கள் என்பது திரையில் வரும். சோதனையில் உள்ள மருந்துக்கு நோயாளியிடம் பணம் வசூலிக்கக் கூடாது. எண்ணும் தராமல் லட்சக்கணக்கில் கட்டணமும் கேட்டால், அங்கே நடப்பது சோதனையும் அல்ல, அனுமதி பெற்ற சிகிச்சையும் அல்ல.